சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்த ஆட்டங்கள்

தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணியின் ரசிகருக்கு எதிரணி மீது அவ்வளவாகக் கோபம் வராது. அவர்கள் வெல்ல வந்தவர்கள், வென்றுவிட்டுப் போகிறார்கள். கோபமெல்லாம் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருந்து பேசிக்கொண்டிருக்கும் வர்ணனையாளர் மீதுதான் திரும்பும். நாம் பார்ப்பதை அவர் பார்க்கிறாரா, பார்த்தும் சொல்லாமல் இருக்கிறாரா என்று தெரியாமல் போகும்போது அந்த எரிச்சல் தலைக்கு ஏறும்.

பேராக் காற்பந்து ரசிகர்களைக் கேட்டால் இதை மணிக்கணக்கில் சொல்வார்கள்.

இப்போது படிவம் ஒன்றிலோ இரண்டிலோ படிக்கும் தம்பி தங்கைகளுக்குப் பேராக் என்றால் வெற்றி என்ற நினைவே இருக்காது. ஆனால், 1926, 1931, 1957, 1967, 1970, 1998, 2000, 2018 என எட்டு முறை மலேசியக் கிண்ணத்தைத் தூக்கிய அணி அது. 2002, 2003-ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்து லீக் பட்டத்தையும் வென்றது. 2018 அக்டோபரில் ஷா ஆலாமில் நடந்த இறுதியாட்டத்தில் திரங்கானுவுடன் 3-3 எனச் சமன் கண்டு, பெனால்டியில் 4-1 என்று வென்றபோது, நாங்கள் குடியிருக்கும் புந்தோங்கில் நள்ளிரவு வரை மோட்டார் சைக்கிள் ஹாரன் ஓயவில்லை.

மூன்றே ஆண்டுகள். 2021-இல் அதே அணி, தன் வரலாற்றில் முதன்முறையாக சூப்பர் லீக்கிலிருந்து கீழே இறக்கப்பட்டது. பண நெருக்கடி, ஊதியப் பாக்கி, விலகிச் செல்லும் ஆட்டக்காரர்கள் என்று பத்திரிகைகளில் செய்தி வந்துகொண்டே இருந்தது. 2022-இல் பிரீமியர் லீக்கில் ஆடினார்கள். 2023-இல் லீக் மறுசீரமைக்கப்பட்டபோது மீண்டும் சூப்பர் லீக்குக்கு வந்தார்கள். 2025-26 பருவத்தின் பட்டியலில் பேராக் என்ற பெயரே இல்லை.

நான் பல்கலைக்கழகத்தில் தொடர்புத் துறை மாணவனாக இருந்த காலம் அது. 2021-இல் பகலெல்லாம் இயங்கலை வகுப்பு, இரவில் காற்பந்து. வரவேற்பறையில் தாத்தா பிரம்பு நாற்காலியில், அப்பா தரையில், நான் பாதி தூக்கத்தில். எங்கள் வலைக்குள் மூன்றாவது கோல் விழுந்திருக்கும். வர்ணனையாளர் உற்சாகம் குறையாத குரலில், "மெனாரிக்!" என்பார். மலாய்மொழியில், ஆட்டம் சுவாரசியமாக இருக்கிறது என்று பொருள்.

"யாருக்குடா மெனாரிக்?" என்பார் தாத்தா.

எங்கள் குறைகளை நான் அப்போதே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். எதிரணியின் சாதனைப் பட்டியல் முழுமையாக வாசிக்கப்படும். எங்கள் பையன்களின் பெயர்கள் மாறி மாறி வரும். இடைவேளையில் வேறு இரண்டு அணிகளின் ஆட்டத்தைப் பற்றிப் பேசுவார்கள். எல்லாவற்றையும்விட, "இளம் அணி, அனுபவம் போதவில்லை" என்ற ஒரு வாக்கியம். ஒவ்வோர் ஆட்டத்திலும் அது வரும். ஏன் இளம் அணி? மூத்தவர்கள் போய்விட்டார்கள். ஏன் போனார்கள்? நாங்கள் பார்த்த ஆட்டங்களில் இந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. காலைப் பத்திரிகையில் இருந்த செய்தி, இரவு ஒளிபரப்பில் இருக்காது. தொண்ணூறு நிமிடமும் அனுபவக் குறைவுதான் காரணம்.

இரண்டாம் பாதியில் அப்பா சத்தத்தை நிறுத்திவிடுவார். ஊமைப் படம் போல் ஆட்டம் ஓடும்.

ஒருநாள் இரவு வர்ணனையாளர், அணி இப்போது மறுகட்டமைப்பில் இருக்கிறது, ரசிகர்கள் பொறுமை காக்க வேண்டும் என்றார். தாத்தா சிரித்தார். "தோட்டத்த வித்தப்பவும் இதத்தான் சொன்னானுங்க" என்றார்.

அந்தச் சிரிப்பைப் புரிந்துகொள்ள அவருடைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாத்தா சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டு, வெட்டு, பால் எடுப்பு, பிறகு மாலையில் திடல். பேராக்கின் தோட்டங்களில் கோயில், பள்ளி, கள்ளுக்கடை, திடல் ஆகிய நான்கும் அனேகமாக எல்லா இடத்திலும் இருந்தன. பக்கத்துத் தோட்டத்தோடு பந்து விளையாடித் தோற்றுவிட்டால் அடுத்த சம்பள நாள் வரை கேலி ஓயாது. காலணி இருந்தவர்கள் கொஞ்சம் பேர். ஒரு ஜோடியை இரண்டு பேர் பாதி ஆட்டத்தில் மாற்றிக்கொண்டதும் உண்டு என்பார்.

1967, 1970 ஆகிய இரு ஆண்டுகளிலும் பேராக் கிண்ணத்தை வென்றதை அவர் கிராணியார் வீட்டு வாசலில் நின்று வானொலியில் கேட்டார். வர்ணனை மலாய்மொழியில். அப்போது அவருக்கு அந்த வேகமான மலாய் பாதிதான் விளங்கும். ஆனால், பந்து யார் பக்கம் போகிறது என்பது குரலிலேயே தெரிந்துவிடுமாம். "நம்ம பக்கம் பந்து வந்தா அந்த மனுசன் குரல் கம்மிடும்டா. அவனுக்கும் பயம்" என்பார். அந்த வர்ணனையாளர் உண்மையிலேயே பயந்தாரா, தாத்தாவுக்கு அப்படிக் கேட்டதா, எனக்குத் தெரியாது. ஐம்பது ஆண்டு கழித்தும் அந்தக் குரல் அவர் காதில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

பிறகு ரப்பர் போய் செம்பனை வந்தது. தோட்டம் கைமாறியது, ஒரு பகுதி தாமான் ஆனது. கோயில் வாசலில் கூட்டம் போட்டு, இது முன்னேற்றம், எல்லாரும் பொறுமையாக இருங்கள் என்றார்களாம். பொறுமையாக இருந்தவர்கள் கடைசியில் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டு ஈப்போவுக்கு வந்தார்கள். திடல் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. தொலைக்காட்சியில் கேட்ட "மறுகட்டமைப்பு" தாத்தாவுக்கு ஏன் சிரிப்பை வரவழைத்தது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இந்த எரிச்சல் எங்கள் வீட்டு நோய் மட்டும்தானா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. இறுதியாண்டு ஆய்வுக்கு விளையாட்டு வர்ணனையைத் தலைப்பாக எடுத்தபோது, பதில் வெகு தொலைவில் கிடைத்தது. அமெரிக்காவின் பேஸ்பால்.

பள்ளியில் சோஃப்ட்பால் ஆடியவர்களுக்கு இந்த விளையாட்டு அதிகம் அந்நியமாக இருக்காது. ஆனால், அதன் அட்டவணையைக் கேட்டால் மயக்கம் வரும். ஒரு பருவத்தில் ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். ஆறு மாதம், ஏறத்தாழ ஒவ்வொரு நாளும். பெரும்பாலானவற்றை அந்தந்த ஊர் விளையாட்டு அலைவரிசையே ஒளிபரப்பும். எல்லாவற்றிலும் அதே இரண்டு மூன்று குரல்கள். சிகாகோ வைட் சாக்ஸ் அணி 2024-இல் 121 ஆட்டங்களில் தோற்றது. அந்த அணியின் ரசிகர் 121 முறை தோல்வியை ஒரே குரலில் கேட்டிருப்பார். கட்டிய மனைவியின் குரலைக்கூட அவ்வளவு கேட்டிருக்க மாட்டார்.

அங்கே ரசிகர்களின் முதல் சந்தேகம், இவருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்பது. பல ஊர்களில் வர்ணனையாளர் அணியின் ஊழியர், அல்லது அணியின் பங்கு இருக்கும் அலைவரிசையின் ஊழியர். அணிக்குப் பிடிக்காதவர் அந்த நாற்காலியில் நீடிப்பது கடினம். சொந்த அணிக்கே துதி பாடுபவருக்கு "ஹோமர்" என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. 1966 செப்டம்பர் 22. நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஆட்டம். 1960 முதல் 1964 வரை தொடர்ந்து ஐந்து முறை தன் லீக்கில் முதலிடம் பிடித்த அணி, அந்த ஆண்டு பத்து அணிகளில் பத்தாவது இடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பிரம்மாண்டமான யாங்கீ அரங்கத்துக்கு அன்று வந்தவர்கள் 413 பேர். ரெட் பார்பர் என்ற மூத்த வர்ணனையாளர், காலி இருக்கைகளைக் கேமராவில் காட்டும்படி கேட்டார். மறுத்துவிட்டார்கள். படம் கிடைக்கவில்லை என்றால் என்ன, வாய் இருக்கிறதே? இன்றைய செய்தி ஆட்டமல்ல, இந்தக் காலி அரங்கம்தான் என்று அவரே நேயர்களுக்குச் சொல்லிவிட்டார். சில நாள்களில், அடுத்த ஆண்டுக்கு ஒப்பந்தம் இல்லை என்ற பதில் அவருக்கு வந்தது.

ஆய்வுக்காக இதைப் படித்தபோது எனக்கு ஈப்போ பேராக் அரங்கம்தான் கண்ணில் நின்றது. பெருந்தொற்றுக் காலத்தில் இருக்கைகள் காலியாக இருந்ததற்குச் சட்டம் காரணம். அதன் பிறகு கதவு திறந்தும் நான் போன பல ஆட்டங்களில் நாற்காலிகளின் நிறம்தான் பளிச்சென்று தெரிந்தது. ஒளிபரப்பில் கேமரா எப்போதும் டிரம் அடிக்கும் ஒரு மூலையை மட்டும் காட்டும். வீட்டில் இருப்பவர்களுக்கு அரங்கம் நிறைந்த மாதிரி தோன்றும்.

ரெட் பார்பர் கதை பழையது, இன்று அப்படி நடக்காது என்று நினைக்க வேண்டாம். 2023 ஜூலையில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியின் வர்ணனையாளர் கெவின் பிரவுன், தம்பா பே அணியின் அரங்கத்தில் ஓரியோல்ஸ் முந்தைய ஆண்டுகளில் எவ்வளவு மோசமாக ஆடியது என்ற புள்ளிவிவரத்தைச் சொன்னார். அவர் சொன்னது பாராட்டு. அன்று அப்படி இருந்த அணி இன்று எவ்வளவு முன்னேறிவிட்டது என்பதுதான் பேச்சு. அந்த எண்கள் அணி நிர்வாகமே செய்தியாளர்களுக்குக் கொடுத்த குறிப்பில் இருந்தவை. இருந்தும் அவர் சில வாரங்கள் திரையில் இல்லை. அந்த அலைவரிசையில் அப்போது பெரும்பங்கு ஓரியோல்ஸ் அணியுடையதாக இருந்தது. ஆகஸ்டில் செய்தி வெளியானதும் மற்ற அணிகளின் வர்ணனையாளர்கள் தங்கள் நேரலையிலேயே கண்டித்தார்கள். ரசிகர்கள் அரங்கத்தில் அவர் பெயரைச் சொல்லி முழக்கமிட்டார்கள். பிறகு அவர் திரும்பி வந்தார். ஓரியோல்ஸ் அந்தப் பருவத்தில் 101 ஆட்டங்களில் வென்றது. 2021-இல் 110 ஆட்டங்களில் தோற்ற அணி அது. அந்த 110 தோல்வியையும் பார்த்துச் சலிக்காமல் இருந்த ரசிகரிடம், நாம் ஒரு காலத்தில் தோற்றோம் என்று சொல்வது எப்படி ரகசியமாகும்?

இதற்கு நேர்மாறான கதையும் பேஸ்பாலில் உண்டு. 1962-இல் புதிதாகப் பிறந்த நியூயார்க் மெட்ஸ் அணி முதல் ஆண்டிலேயே 120 ஆட்டங்களில் தோற்றது. அதை வர்ணித்த லிண்ட்சி நெல்சன், பாப் மர்ஃபி, ரால்ஃப் கைனர் மூவரையும் ரசிகர்கள் குடும்பத்து ஆட்களைப்போல் ஏற்றுக்கொண்டார்கள். 1978 வரை, பதினேழு பருவங்கள், அதே மூவர். தோல்வியைச் சொன்னதற்காக ரசிகர்கள் அவர்களை வெறுக்கவில்லை.

நம் நாட்டு நிலைமை வேறு. இங்கே ஒளிபரப்பு உரிமையை லீக் மொத்தமாக விற்கிறது. பேராக்குக்கென்று தனி வர்ணனையாளர் கிடையாது. 2018-இல் டெலிகோம் மலேசியாவுடன் எட்டு ஆண்டுகளுக்கு 48 கோடி வெள்ளி ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த ஆண்டே அது முறிந்தது. அதன் பிறகு ஆட்டத்தை எந்த அலைவரிசையில் தேடுவது என்பதே ரசிகருக்குத் தனி வேலை ஆகிப்போனது. ஆக, நம் வர்ணனையாளர் பேராக் நிர்வாகத்துக்குப் பயப்பட வேண்டிய அவசியம் இல்லை. என் கணிப்பில், இங்குள்ள பிரச்சினை பயத்தைவிட அலட்சியம். ஜொகூர் டாருல் தக்சிம் 2014 முதல் ஒவ்வொரு பருவமும் சூப்பர் லீக்கை வென்று வருகிறது. எல்லாரும் பார்ப்பது அவர்களை. கீழே இருக்கும் அணி, மேலே இருக்கும் அணிக்குப் புள்ளி கொடுக்க வந்த விருந்தாளி.

வர்ணனையாளர் பக்கமும் நியாயம் உண்டு. பல நேரம் அவர் அரங்கத்தில்கூட இருக்க மாட்டார். அறையில் திரையைப் பார்த்துப் பேசுவார். கேமரா காட்டாததை அவரும் பார்க்க முடியாது. இரண்டு அணிக்கும் பொதுவாகப் பேச வேண்டும். இருபத்திரண்டு பெயர்களையும் சில மணி நேரத்தில் மனனம் செய்ய வேண்டும். நான் ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டு நானே பத்து நிமிடம் வர்ணித்துப் பார்த்தேன். நான்காவது நிமிடத்திலேயே சொல் தீர்ந்துவிட்டது. இந்தத் துறைக்கு வர ஆசைப்படும் மாணவர்கள் இதைச் செய்து பாருங்கள், செலவில்லாத பயிற்சி.

தமிழுக்கு வருவோம். நம்மில் பலர் வீட்டில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் மஞ்சள் சட்டை இருக்கிறது. ஐந்து முறை ஐபிஎல் பட்டம் வென்ற சென்னை, 2025-இல் பத்து அணிகளில் பத்தாவதாக முடிந்தது. கடைசி இடம் அவர்களுக்கு அதுவே முதல் முறை. அந்த ஏப்ரல் 5-ஆம் தேதி சேப்பாக்கத்தில் டெல்லியிடம் 25 ஓட்டங்களில் தோற்றார்கள். அந்தத் திடலில் டெல்லி வென்றது 15 ஆண்டுகளுக்குப் பிறகு. அச்சமயத்தில்தான் ரவிச்சந்திரன் அஸ்வினின் யூடியூப் அலைவரிசையில் பேசிய ஓர் ஆட்டப் பகுப்பாய்வாளர், அஸ்வினும் ஜடேஜாவும் இருக்கும்போது நூர் அகமது எதற்கு என்று கேட்டார். அஸ்வின் அப்போது அதே சென்னை அணியின் ஆட்டக்காரர். எதிர்ப்பு கிளம்பியது. காணொளி நீக்கப்பட்டது. அந்தப் பருவத்தின் மீதிச் சென்னை ஆட்டங்களைப் பற்றி இனி முன்னோட்டமோ அலசலோ கிடையாது என்று அலைவரிசை அறிவித்தது.

கிரிக்கெட் அறிவில், நூர் அகமது பற்றிய அந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை; பையன் அந்த ஆண்டு நன்றாகத்தான் வீசினான். ஆனால் கவனியுங்கள்: அணி தோற்கத் தொடங்கியபோது, ரசிகர்கள் தாங்கள் பார்த்ததைத் தங்கள் மொழியிலேயே யாராவது விளக்க மாட்டார்களா என்று ஏங்கிய அந்த வாரத்தில், ஒரு தமிழ்க் குரல் குறைந்தது. அணியில் ஆடுபவரே அணியைப் பற்றிய மேடையையும் நடத்தினால் இப்படி ஒருநாள் வராமல் இருக்காது. நம் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது.

அந்தக் குழுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் கேட்டதிலேயே நல்ல வர்ணனை அங்கேதான் வந்தது. என் மாமா மகன், 2021-இல் எஸ்பிஎம் எழுதவிருந்தவன், பேராக் தோற்ற ஒவ்வோர் இரவும் நான்கு நிமிடக் குரல் பதிவு ஒன்றை அனுப்புவான். வென்றால் அனுப்ப மாட்டான். "வென்னா எல்லாரும்தான் பேசுவாங்க" என்பான். நான்கு கோல் வாங்கியிருந்தால் நான்கையும் சொல்ல மாட்டான். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வான்.

ஒரு பதிவு எனக்கு இன்னும் மனப்பாடம். "ரெண்டாவது கோல மட்டும் பாருங்க. இடது பக்கப் பையன் மேல ஓடிட்டான். அவன் விட்ட எடத்துல யாருமே இல்ல. எல்லாரும் அவனத் திட்டுறீங்க. அவன் மேல ஓடுனது சரி, அவனுக்குப் பின்னாடி வந்து நிக்க வேண்டியவன் ரெண்டு மாசத்துக்கு முன்னாடி டீம விட்டுப் போயிட்டான். அந்த எடத்துக்கு இன்னும் ஆள் வரல. கோல் விழுந்தது அந்தக் காலி எடத்துலதான்."

தாத்தா அதை மறுபடி போடச் சொன்னார். சத்தத்தைக் கூட்டச் சொன்னார். தொலைக்காட்சியில் எந்த வர்ணனையையும் அவர் இரண்டாம் முறை கேட்க ஆசைப்பட்டதில்லை. அந்த நான்கு நிமிடத்தில் ஆறுதல் எதுவும் இல்லை. திட்டும் இல்லை. நாங்கள் பார்த்ததை அவனும் பார்த்திருந்தான், எங்களைவிடக் கொஞ்சம் கூர்ந்து.

இந்தப் பருவம் பேராக் ஆடவில்லை. பதிவுகள் நின்றுவிடும் என்று நினைத்தேன். போன மாதம் ஒன்று வந்தது. இப்போது அவன் போலிடெக்னிக் மாணவன். ஞாயிறு மாலையில் பக்கத்துத் திடலில் நண்பர்கள் ஆடும் எழுவர் காற்பந்தைப் பார்க்கப் போகிறான். அவர்கள் 6-0 என்று தோற்றிருந்தார்கள். வழக்கம்போல் ஒரே ஒரு கோல். கோல் காவலன் வெயிலைப் பார்த்தபடி நின்றதையும், காசு சுண்டியதில் வென்ற தலைவன் எந்தப் பக்கம் வேண்டும் என்று யோசிக்காமல் சொன்னதையும் விவரித்திருந்தான்.

தாத்தா முழுவதும் கேட்டார். ஆடியவர்களில் ஒருவரையும் அவருக்குத் தெரியாது.

"அந்தக் கோல்கீப்பர் பையன் யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்டார்.